மூக்கோரத்துப் பரு

நுரை நல்லாத்தான் ஏறுது. மாப்பிள்ளை மூஞ்சிங்கிறதால நுரைக்குக் கூட முறுக்கு வந்திருச்சு, பிரஷ்ஷை இழுத்தா கொம்பு மாதிரி எந்திரிச்சு நிக்குது. இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தா பெஞ்சுல இருக்கிற மூணு பேரும் சிரிச்சிருப்பாங்க. ஏன் சொல்லாம இருக்கேன். தவசி கடையில பிரஷ் சத்தம் மட்டும் கேட்டா தெருவே எட்டிப் பாக்கும், செத்துகித்துப் போயிட்டானான்னு. திருமங்கலத்துல தவசிகிட்ட முடி வெட்டுனா முடியோட சேத்து மானமும் தரையில விழும்னு பேரு வாங்கி வச்சிருக்கேன், அந்தப் பேரைக் காப்பாத்தணும்ல. சொல்லு, எதாச்சும் சொல்லு. "மாப்ள, வாய இன்னிக்கே நல்லாத் தொறந்து மூடிப் பழகிக்கங்க, நாளைக்கு முகூர்த்தம் முடிஞ்சா அப்புறம் மனு எழுதிக் குடுத்துத்தான் தொறக்கணும்." சிரிச்சுட்டாங்க. மாப்பிள்ளை அகிலன் சிரிக்கிறான், நுரை உதட்டுக்குள்ள போகுது. கூட வந்த ரெண்டு கூட்டாளிப் பயலுக தொடையத் தட்டிச் சிரிக்கிறானுக. அவனோட தாய்மாமன் மாயழகண்ணன் மடியில தாம்பாளத்தை வச்சுக்கிட்டு, வெத்தலை குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாரு. நல்லது. வேலை ஓடுது. பிரஷ் அங்கிட்டு ரெண்டு சுத்து, இங்கிட்டு ரெண்டு சுத்து. ரெண்டு. இப்பத்தான் போனை வச்சேன், அஞ்சு நிமிசம் இருக்குமா. வர்ணம்தான் கூப்பிட்டா, "ஏங்க, பாப்பாவுக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது, கண்ணு பக்கம் வேற வீங்கிருக்கு"ன்னா. அவகிட்டக் குடுன்னேன். யுவா பேசுச்சு. "அப்பா, அம்மா ரெண்டு அம்மாவாத் தெரியுறாங்கப்பா, ஒண்ணை நீ வச்சுக்க." நான் விடுவேனா, "ஒண்ணுக்கே எனக்கு நாக்கு தள்ளுது, இன்னொண்ணை உங்க மாமா வீட்டுக்குப் பார்சல் பண்ணி விடு"ன்னேன். சிரிச்சுச்சு. சிரிச்சுச்சுதானே. போனுக்குள்ள ஒரு சத்தம் வந்துச்சு. சிரிப்புன்னுதான் நெனைக்கிறேன். மூச்சா இருந்தாலும் அப்படித்தான் கேக்கும். கத்தியில புதுப் பிளேடு மாத்தியாச்சு, வலது காதோரத்துல ஆரம்பி, தவசி, காதோரத்துல ஆரம்பி.

வலது கன்னம் வழவழன்னு இருக்கு இவனுக்கு. கத்தி தண்ணியில போற மாதிரி போகுது. குடுத்து வச்ச தோலு. என் பிள்ளைக்கு அப்படிக் குடுக்கல. பதினாலு வயசுல பரு ஒண்ணு ரெண்டா வந்துச்சு, பத்தாப்பு முடிக்கையில கன்னம் பூரா, நெத்தி பூரா, மேடும் பள்ளமுமா. நான் என்ன செஞ்சேன், ஆறுதல் சொன்னேனா. கொழுந்தியா வீட்டுக் காதுகுத்துல, பந்தியில, பத்துப் பேருக்கு முன்னாடி, "எங்க வீட்டுல ஒரு சீத்தாப்பழம் வெளஞ்சிருக்கு, வெட்டாமயே சாப்பிடலாம்"னு விட்டேன். பந்தியே சிரிச்சுச்சு. யுவாவும் சிரிச்சுச்சு, சிரிச்சுக்கிட்டே எலையை மூடுச்சு, பாயாசம் அப்படியே இருந்துச்சு. அப்புறம் வீட்டுக் கண்ணாடியில துணி தொங்குச்சு. நான் அதுக்கும் ஒரு நக்கல் அடிச்சேன், கண்ணாடிக்குக் கல்யாணமா, முக்காடு போட்டிருக்குன்னு. வர்ணந்தான் என்னைத் திட்டிப்புட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்னா. நானும் போனேன். தோல் டாக்டரம்மா சின்ன வயசு, பேச்சு மெதுவா இருந்துச்சு. மருந்து மாத்திரை இப்ப எதுவும் வேணாம், மூணு மாசம் நான் சொல்றதைப் பண்ணு, அப்புறம் பாப்போம்னு சொன்னாங்க. காலையில ஒருக்கா ராத்திரி ஒருக்கா தேய்க்காம மூஞ்சி கழுவணும். தலைகாணி உறையை ரெண்டு நாளைக்கொருக்கா மாத்தணும். தலைக்கு எண்ணெய் வச்சா நெத்தியில வழியக் கூடாது. இனிப்பு, பேக்கரிப் பண்டம், பாலு டீ கொறைக்கணும். போனை வச்சுட்டு நேரத்துக்குத் தூங்கணும். கொஞ்சம் நடக்கணும். கிள்ளவே கூடாது. இதுல எல்லாருக்கும் எல்லாம் போயிரும்னு சொல்ல மாட்டேன், ஆனா நெறையப் பேருக்குக் கொறையுதும்மான்னு சொன்னாங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டு மனசுக்குள்ள சிரிச்சேன். தலைகாணி உறையை மாத்துனா பரு போகுமா, அப்ப பாயை மாத்துனா கொழுந்தியா போவாளா. அப்பத்தான் அந்தம்மா விரலால தன் மூக்கைச் சுத்திக் காட்டுனாங்க. "முக்கியமா இந்த எடத்துல அமுக்கவே கூடாது. இங்க கிருமி உள்ள போச்சுன்னா, ரத்தத்தோட மூளைப் பக்கம் வரைக்கும் போயிரும். நூத்துல ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான், ஆனா வந்தா பெரிய ஆபத்து." நான் கேட்டேன், "அப்ப எங்க வீட்டுல மூளை இருக்குன்னு ஒத்துக்கிறீங்க, அப்படித்தானே டாக்டரம்மா?" அவங்க சிரிக்கல. யுவா சிரிச்சுச்சு. எனக்காகச் சிரிச்சுச்சு.

"தவசி, கை ஏன்டா நிக்குது?" மாயழகண்ணன். "பிளேடு மூச்சு வாங்குதுண்ணே, மாப்பிள்ளை தாடி அப்பிடி." சிரிப்பு. இழு, தாடைக்குக் கீழ இழு. பிள்ளை கடைப்பிடிச்சுச்சுங்க, அதைச் சொல்லணும். நான் எதையும் அப்பிடிக் கடைப்பிடிச்சதில்லை. காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதி அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிக்கிச்சு, நான் பாத்துக் கேலி பண்ணிரக் கூடாதுன்னு உள்பக்கம். ரெண்டு நாளைக்கொருக்கா கொடியில வெள்ளை உறை காயும், பரு சமாதானக் கொடி காட்டுதுன்னு சொன்னேன். தேங்காய் பன்னுன்னா உசுரு அதுக்கு, பள்ளிக்கூடம் விட்டு பேக்கரியைத் தாண்டுறப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறி வருமாம், வாசம் வரக் கூடாதுன்னு, வர்ணம் சொன்னா. பத்து மணிக்குப் போனை அம்மாகிட்டக் குடுத்துரும். காலையில ரெண்டு பேரும் ரயில் டேசன் வரைக்கும் நடந்துட்டு வருவாங்க. முத மாசம் ஒண்ணும் தெரியல. நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன், யாரு கூட ஜெயிச்சேன், என் பிள்ளை கூடயா. ரெண்டாவது மாசம் நெத்தி தெளிஞ்சுச்சு. அப்புறம் கன்னத்துல செவப்பு எறங்குச்சு. ஒருநா கடைக்குச் சோறு கொண்டாந்துச்சு, இந்தக் கண்ணாடிக்கு முன்னாடி நின்னுச்சு, நின்னு பாத்துச்சு, ரொம்ப நாளைக்கப்புறம் நின்னு பாத்துச்சு. எப்பிடியோ என் வாய் அன்னிக்கு அடங்கி இருந்துச்சு. அன்னிக்கு மாதிரியே இருந்திருக்கலாம். கடைசியா ஒண்ணே ஒண்ணு, இடது மூக்கோரத்துல, பெரிசா, மொனையில மஞ்சளா. பன்னெண்டாப்புப் பிள்ளைகளை எல்லாம் நிக்க வச்சுப் போட்டோ எடுக்கப் போறாங்க, புதன்கிழமைன்னு. செவ்வாக்கிழமை எனக்குக் கடை லீவு. லீவு நாளுதான் எனக்குச் சனியன். கை சும்மா இருக்காது.

அடுத்து மீசை ஓரம். மெதுவா. செவ்வாக்கிழமை காலையில நான் என்ன பண்ணேன், பெரட்டிப் பெரட்டிப் பாத்தாலும் அதேதான் வருது. கடைப் பையில கரும்புள்ளி எடுக்கிற கம்பி இருந்துச்சு. கடைக்கு வர்றவங்க எத்தனை பேருக்கு எடுத்து விட்டிருக்கேன். பிள்ளை வாசப்படியில வெளிச்சத்துல உக்காந்து படிச்சுக்கிட்டு இருந்துச்சு. "இங்க வா ஆத்தா, ஒரு நிமிசம், இந்தக் கடைசிக் குடித்தனக்காரனையும் காலி பண்ணி விட்டுருவோம்." "வேணாம்ப்பா. டாக்டர் சொல்லிருக்காங்கள்ல." "டாக்டரு அஞ்சு வருசந்தான் படிச்சது. நம்ம கை எத்தனை தலைமொறை படிச்சது. நம்ம ஆளுகளுக்குப் பேரே மருத்துவர்தான்." "அப்பா, வேணாம்ப்பா." ரெண்டு தரம் சொல்லுச்சு. நான் தாடையப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்புனேன், கடையில எல்லாரையும் திருப்புற மாதிரி. பிடிச்ச பிடியில அது பேசாம இருந்துச்சு. கம்பியைத் தண்ணியில கழுவுனேனா. கழுவுனேன். பைப்புத் தண்ணியில. சுட வைக்கல. கடையில மொதநாள் யாருக்கு எடுத்தேன் அந்தக் கம்பியில, அந்த லாரி டிரைவருக்கு, கழுத்துல கொப்புளம் இருந்துச்சே அவருக்கு. அமுக்குனேன். மஞ்சளா வந்துச்சு, அப்புறம் ரத்தம், அப்புறமும் உள்ள கெட்டியா இருந்துச்சு, சரி முழுசா எடுத்துருவோம்னு இன்னொரு அமுக்கு. பிள்ளை கண்ணுல தண்ணி வந்துச்சு. படிகாரத்தைத் தேச்சு விட்டேன். "முடிஞ்சுச்சு, நாளைக்குப் போட்டோவுல நீதான் கதாநாயகி." புதன்கிழமை காலையில மூக்கோரம் எலந்தப்பழமாட்டம் நின்னுச்சு. போட்டோவுக்குப் பின் வரிசையில நின்னுச்சாம். சாயங்காலம் குளிருதுன்னுச்சு. இன்னிக்கு வியாழன். செவ்வா ஒண்ணு, புதன் ரெண்டு, வியாழன் மூணு. எதுக்கு எண்ணுறேன்.

"அண்ணே." மாப்பிள்ளை கண்ணாடியில என்னையப் பாக்குறான். "அண்ணே, இங்க பாருங்க, மூக்கோரத்துல ஒண்ணு எட்டிப் பாக்குது. நாளைக்குப் போட்டோ வீடியோன்னு நிக்கணும், அமுக்கி எடுத்து விட்டுருங்கண்ணே." கூட்டாளிகள்ல ஒருத்தன், "எடுங்கண்ணே, பொண்ணு வீட்டுல மச்சம்னு நெனச்சு ராசி பாக்கப் போறாங்க"ங்கிறான். சிரிக்கிறாங்க. இன்னொருத்தன், "தவசியண்ணனுக்கு அதெல்லாம் அல்வா சாப்பிடுற மாதிரி, எனக்கே நாலு எடுத்து விட்டாரு"ங்கிறான். எடுத்து விட்டேன். இவனுக்கு ஒண்ணும் ஆகல. பாரு, குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கான். அவனுக்கு ஒண்ணும் ஆகலன்னா யுவாவுக்கும் ஒண்ணும் ஆகாது, அதுதானே ஞாயம், என் கை ஒண்ணுதானே. ஆயிரத்துல ஒருத்தருக்குன்னு அந்தம்மா சொன்னாங்க. நான் இதுவரைக்கும் எத்தனை பேருக்கு அமுக்கியிருப்பேன். ஆயிரம் ஆயிருக்குமா. இருவது வருசம். ஆயிருக்கும். ஆயிரமாவது ஆளு யாரு. வேணாம், அப்பிடி நெனைக்காத. அந்தப் பருவைப் பாக்குறேன், சின்னதுதான், செவப்பா, நடுவுல வெள்ளையா, என்னையப் பாத்துக் கண்ணடிக்கிற மாதிரி இருக்கு. கம்பி டிராயருக்குள்ள இருக்கு. என் விரல் டிராயர் பக்கம் போகுது, பழக்கத்துல போகுது, போயி அப்பிடியே நிக்குது. "வேணாம் மாப்ள. அது இருக்கட்டும். கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி, சாப்பிட்டுட்டுத் தன்னால போகும்." சிரிப்பு. என் குரல் எனக்கே வேற ஆளு குரல் மாதிரி கேக்குது.

எங்கப்பன் இந்த எடத்துல கை வைக்க மாட்டாரு. ஏன் இது இப்ப ஞாபகத்துக்கு வருது, செவ்வாக்கிழமை காலையில எங்க போச்சு இந்த ஞாபகம். அப்பன் கட்டி கீறுவாரு. முதுகுல, அக்குள்ல, தொடையில, எங்க கட்டி வந்தாலும் ஆளுக அவருகிட்டத்தான் வருவாங்க. கத்தியை நெருப்புல காட்டி ஒரே கீறு, சீழு எறங்கும், வந்த ஆளு அழுதுக்கிட்டே கும்பிட்டுட்டுப் போவாரு. ஒருநா ரைஸ் மில்லுக்காரர் ஒருத்தர் வந்தாரு, மேலுதட்டுல, மூக்குக்குக் கீழ கொப்புளம், பாதி மூஞ்சி வீங்கிக் கெடந்துச்சு. அப்பன் தூர நின்னு பாத்தாரு. கிட்டக்கூடப் போகல. "மதுரைக்குப் போங்க சாமி, இது என் கைக்குள்ள வராது"ன்னாரு. மில்லுக்காரர் வைஞ்சாரு, கெஞ்சுனாரு, அப்பன் கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. எனக்குப் பத்து வயசு. அவரு போனப்புறம், "பெரிய மனுசன்னதும் தொடை நடுங்கிருச்சு போல"ன்னேன். வாயி அப்பவே இப்பிடித்தான். அப்பன் அடிக்கல, கத்தியைத் தொடச்சு உள்ள வச்சாரு. மில்லுக்காரர் மதுரைக்குப் போகல, வேற யாரோ கீறி விட்டாங்கன்னு கேள்வி. நாலாம் நாள் அவரு வீட்டுல இருந்து எங்க வீட்டுக்கு ஆளு வந்துச்சு, சங்கு ஊத வரச் சொல்லி. எழவு வீட்டுக்குச் சங்கு ஊதுறது எங்க வேலைதானே. அப்பன் சங்கை எடுத்துக்கிட்டு என்னையத் திரும்பிப் பாத்துட்டுப் போனாரு. நாலாம் நாள். செவ்வா, புதன், வியாழன். நாளைக்கு வெள்ளி. நாளைக்கு இவனுக்குக் கல்யாணம். மேளச்சத்தம் கேக்கும். மேளச்சத்தம்தான் கேக்கும்டா, வேற என்ன கேக்கும்.

வலது பக்கம் முடிஞ்சிருச்சு. இடது பக்கம் நுரை காயுது. இடது பக்கம் வந்து நிக்கிறேன், முன்னாடி கண்ணாடி, பின்னாடி கண்ணாடி, மாப்பிள்ளைக்குப் பின்னாடி மாப்பிள்ளை, தவசிக்குப் பின்னாடி தவசி, வரிசையாப் போயிக்கிட்டே இருக்கானுக, எல்லார் கையிலயும் கத்தி. ரெண்டு அம்மாவாத் தெரியுறாங்கப்பா. நக்கல்தான். எம்மகதானே, என் நாக்கு அதுக்கும் இருக்கும்ல. அது நக்கல் பண்ணும். ஏழு வயசுல மாடிப்படியில விழுந்துச்சு, எந்திரிச்சு வந்து கையை நீட்டி, "அப்பா, எனக்குக் கையில இன்னொரு முட்டி மொளச்சிருச்சு"ன்னுச்சு. நான் சிரிச்சேன். வர்ணம் சிரிச்சா. அதுவும் சிரிச்சுச்சு. கால் மணி நேரம் கழிச்சுத்தான் நான் கையைப் பாத்தேன், எலும்பு முறிஞ்சு மேல தூக்கி நின்னுச்சு. நக்கல் இல்ல அது. கண்ணுக்கு என்ன தெரிஞ்சதோ அதைத்தான் சொல்லுச்சு, நான் சிரிக்கிற மாதிரிச் சொல்லுச்சு, ஏன்னா நான் சிரிச்சாத்தான் திரும்பிப் பாப்பேன்னு அதுக்குத் தெரியும். அடப்பாவி. கத்தியை மேசையில வைக்கிறேன். "ஒரு நிமிசம் மாப்ள." போனு. அடிக்குது. அடிக்குது. எடு வர்ணம். எடுத்துட்டா. "என்னங்க?" "பாப்பா முன்னாடி ரெண்டு விரலைக் காட்டு. எத்தனைன்னு கேளு." "என்ன வெளையாட்டு இது, அது தலைவலின்னு சுருண்டு படுத்திருக்கு, நான் கஞ்சி வச்சுக்கிட்டு..." "காட்டுடீ." அடுப்புச் சத்தம் கேக்குது. சேலைச் சத்தம். "யுவா, இங்க பாரு, இது எத்தனை?" பிள்ளை குரல் எங்கயோ கெணத்துக்குள்ள இருந்து வருது, என்னன்னு வெளங்கல. வர்ணம் சொல்றா, "நாலுங்கிறா. ரெண்டு விரலைத்தான் காட்டுறேன், நாலுங்கிறா. ஏங்க, வெளையாடுறாளா?" இல்ல வர்ணம். இல்ல. "அடுப்பை அணைச்சுட்டு ஆட்டோவைப் பிடி. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. இப்பவே. கஞ்சியை அப்பிடியே போடு." "நீங்க?" நான் மாப்பிள்ளையப் பாக்குறேன். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி, ஒரு பக்கம் வெள்ளை நுரை.

"என்ன தவசி, போன் எல்லாம் அப்புறம் பேசலாம், கையை ஓட்டு." மாயழகண்ணன் தாம்பாளத்தைச் சரி பண்ணிக்கிறாரு. வெத்தலை பாக்கு, எனக்குப் புது வேட்டி, புதுத் துண்டு. மாப்பிள்ளைச் சவரம், மொறைப்படி. மாப்பிள்ளை உக்காந்தப்புறம் முழுசா முடிக்காம அவனும் எந்திரிக்கக் கூடாது, வழிக்கிறவனும் வாசல் தாண்டக் கூடாது, அரைச் சவரத்தோட விட்டா அந்தக் கல்யாணம் அரையில நிக்கும்னு எங்கப்பன் காலத்துல இருந்தே பேச்சு. அதை நம்பித்தான் வர்ணம் மொத தடவை கூப்பிட்டப்பவும் நான் நகரல. இன்னும் கால் மணி நேரந்தான், இடது கன்னந்தானே, முடிச்சுட்டே போயிரலாம். இல்ல, பத்து நிமிசம். எதிர்ச் சவரம், அந்த ரெண்டாவது வழிப்பு, வேணாம்னு சொல்லிருவோம், அஞ்சு நிமிசம். கத்தியை எடுக்குறேன். கத்தி ஆடுது. இருவது வருசத்துல ஆடாத கை. இந்தக் கையை மாப்பிள்ளை கழுத்துப் பக்கம் கொண்டு போனா அவன் வீட்டுக்கும் ஒரு துக்கத்தைக் குடுத்துருவேன். "அண்ணே, நான் போகணும்." "எங்க?" "என் மக கண்ணு வீங்கிப் போயிக் கெடக்கு. எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்குது. நான்தான் பண்ணேன். கம்பியை வச்சு நான்தான் அமுக்குனேன்." மாயழகண்ணன் என்னையப் பாக்குறாரு. பயலுக பாக்குறானுக. அப்புறம் ஒருத்தன் ஆரம்பிச்சான், எல்லாரும் சிரிச்சாங்க, "ரெண்டாத் தெரியுதா, பரவாயில்லண்ணே, உங்களுக்கும் ரெண்டு சம்பந்தி கெடைப்பாங்க!" மாயழகண்ணன் கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "டேய், மூஞ்சியப் பாரேன், அழுகுற மாதிரியே வச்சுக்கிட்டுச் சொல்றான்டா இவன்"ங்கிறாரு. நெசம்ணேங்கிறேன். இன்னும் சிரிக்கிறாங்க. சத்தியமா நெசம்ணேங்கிறேன், அதுக்கும் சிரிக்கிறாங்க. இத்தனை வருசம் இந்தக் கடையில நான் வித்ததெல்லாம் இதுதான், வாங்கிட்டுப் போனவங்க இப்ப அதையே திருப்பிக் குடுக்குறாங்க. மாப்பிள்ளைதான் மொதல்ல நிறுத்துனான். அவன் கண்ணாடியில என் கையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். கழுத்துத் துணியை அவனே அவுத்தான், அந்த நுனியாலயே இடது பக்க நுரையைத் தொடச்சான். "போங்கண்ணே." "டேய் அகிலா, அரைச் சவரத்தோட எந்திரிக்காதடா, ஆகாது!" மாயழகண்ணன் எந்திரிச்சுட்டாரு, தாம்பாளம் சாஞ்சு பாக்கு பூரா தரையில உருளுது. "மாமா, சும்மா இருங்க. போங்கண்ணே நீங்க."

கடை தெறந்து கெடக்கட்டும். ரோட்டுல எறங்கிட்டேன், செருப்பு இல்ல, வெயிலு காலைத் திங்குது. எந்தப் பக்கம் ஓடுறது, வீட்டுக்கா ஆஸ்பத்திரிக்கா, வர்ணத்துக்குப் போனைப் போட்டேன், எடுத்துட்டா, ஆட்டோ சத்தம் கேக்குது, "சந்தைப்பேட்டை தாண்டிட்டோம்"னு அழுகுறா. "அவகிட்டக் குடு." "பேச மாட்டேங்கிறா." "காதுல வையி." வச்சிருப்பா. "யுவா, அப்பா. யுவா, எதாச்சும் சொல்லு ஆத்தா. திட்டு. என்னைய எதாச்சும் சொல்லித் திட்டு." ஒண்ணும் வரல. நானும் ஒண்ணு சொல்லணும்னு வாயைத் தொறக்குறேன், ஒண்ணுமே இல்ல உள்ள, தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. போனுக்குள்ள ஹாரன் அடிக்குது. அதே ஹாரன் இந்தக் காதுலயும் கேக்குது, ரோட்டுல, எனக்குப் பின்னாடி. திரும்பிப் பாக்குறேன், பூக்கடை முக்குல திரும்பி வருது ஆட்டோ. நடு ரோட்டுல போயி நின்னேன். பஸ்காரன் திட்டுறான். ஆட்டோ வந்து முட்டுற மாதிரி நிக்குது. ஏறுனேன். வர்ணம் மடியில சாஞ்சிருந்துச்சு பிள்ளை. இடது கண்ணு பாதி மூடிக் கெடக்கு, இமை பூரா செவந்து தொங்குது, நெத்தி வரைக்கும் வீக்கம், மூக்கோரத்துல நான் வச்ச காயம் கறுத்துப் போயிச் சின்னதா இருக்கு. என் கை தன்னால போகுது, தாடையப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாக்கப் போகுது. பிள்ளை முழுசாத் தெறந்திருந்த ஒத்தக் கண்ணால அந்தக் கையைப் பாத்துச்சு. சடார்னு தலையைப் பின்னாடி இழுத்துச்சு, ஆட்டோக் கம்பியில நங்குன்னு இடிச்சுச்சு, வலிக்குதுன்னு கூடச் சொல்லல, அம்மா வயித்துக்குள்ள மூஞ்சியப் பொதச்சுக்கிச்சு. வர்ணம் என்னையப் பாத்தா. நான்தான் அமுக்குனேன்னு அவளுக்கு இதுவரைக்கும் தெரியாது, செவ்வாக்கிழமை அவ தண்ணி பிடிக்கப் போயிருந்தா. இப்பத் தெரியுது. "வேகமாப் போப்பா"ன்னேன் டிரைவர்கிட்ட. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு மேல உக்காந்துக்கிட்டேன். "பிடிச்சுக்கங்கண்ணே, முன்னாடி பள்ளம் வருது"ங்கிறாரு டிரைவரு. நான் கையை எடுக்கல.